கார் இல்லாமல் மதுரை: எந்தக் கரை, எந்த ஸ்டாண்டு, எத்தனை மணி

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் ரயிலை விட்டு இறங்கியதும் நாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசிவிடுகிறார்கள். அந்தக் கார் கோரிப்பாளையத்தில் நிற்கும், மாசி வீதிகளின் ஒருவழிப் பாதைகளில் சுற்றும், கடைசியில் கோயிலுக்குப் பக்கத்தில் போகவே முடியாது. மீனாட்சியம்மன் கோயில் மதிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. எங்கோ ஒரு பார்க்கிங்கில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தவர்களுக்குப் பின்னால்தான் அவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, நடை. இந்த மூன்றை வைத்தே ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் பார்த்துவிடலாம். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் நாள் முழுக்க பஸ்ஸிலேயே போய்விடும். போகிற இடம் வைகைக்குத் தெற்கா வடக்கா, அதற்கு பஸ் எந்த ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிறது, கோயில் நடை சாத்துகிற நேரத்தில் நாம் எங்கே இருப்போம். இந்த மூன்றையும் முதலில் யோசித்துவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

கரையிலிருந்து தொடங்குவோம். ரயில் நிலையம், பெரியார் பஸ் ஸ்டாண்டு, மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், கீழடி எல்லாம் தென்கரை. தமுக்கம் மைதானம், காந்தி அருங்காட்சியகம், அண்ணா பஸ் ஸ்டாண்டு, கலைஞர் நூலகம், மாட்டுத்தாவணி, யானைமலை, அழகர்கோவில் எல்லாம் வடகரை. இரண்டையும் சேர்க்கப் பாலங்கள் பல இருந்தாலும் பெரும்பாலான பஸ்கள் சிம்மக்கல், கோரிப்பாளையம் வழியாகத்தான் ஆற்றைத் தாண்டுகின்றன. 1889இல் திறந்த ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் இன்னும் அங்கே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது. காலை எட்டிலிருந்து பத்து மணி வரையும், மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரையும் அந்த இரண்டு கிலோமீட்டரை பஸ் எப்போது கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கரை. மறுகரைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் மதியம் தாண்டுங்கள். நெரிசல் நேரத்தில் மாட்டிக்கொண்டால் கோரிப்பாளையத்தில் இறங்கிப் பாலத்தில் நடந்துவிடுவது மேல். நீங்கள் சிம்மக்கல்லை அடையும்போது உங்கள் பஸ் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது ஸ்டாண்டு. வெளியூர்க்காரர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மதுரையில் "பஸ் ஸ்டாண்டு" என்று மட்டும் கேட்டால் எதிராளி நான்கில் எதைச் சொல்வார் என்பது அவர் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பெரியார், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டவுன் பஸ்களின் தலைமையிடம் அதுதான். திருப்பரங்குன்றம், தெப்பக்குளம், அழகர்கோவில், மாட்டுத்தாவணி எங்கே போவதாக இருந்தாலும் முதலில் இங்கே வந்துவிட்டால் வழி கிடைக்கும். வெளியூர் பஸ் இங்கே தேடாதீர்கள்.

மாட்டுத்தாவணி, ஊருக்கு வடகிழக்கே ஏழு கிலோமீட்டர் வாக்கில். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்களெல்லாம் இங்கே. பலகையில் "எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்" என்று எழுதியிருந்தாலும் இதுதான், இரண்டும் வேறு வேறு என்று நினைத்து வந்த பஸ்ஸை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஆரப்பாளையம், மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு. தேனி, கம்பம், கொடைக்கானல், திண்டுக்கல், பழனி, கோயம்புத்தூர், ஈரோடு, சேலம். பெரியாரிலிருந்து கிட்டத்தில்தான், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கொடைக்கானலிலிருந்து இறங்கி அப்படியே ராமேஸ்வரம் போகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணிக்கு மாற வேண்டும். நடுவே ஊரையே குறுக்காகக் கடக்கிறீர்கள், அதற்கு முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நான்காவது அண்ணா பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கம். காந்தி அருங்காட்சியகத்துக்கும் தமுக்கத்துக்கும் இறங்க வசதி. மற்றபடி சுற்றுலா வந்தவர்களுக்கு அங்கே வேலை குறைவு.

மாட்டுத்தாவணியில் வந்து இறங்கியதும் வாசலிலேயே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு "கோயிலுக்கா?" என்பார்கள். அவர்களைத் தாண்டி டவுன் பஸ் நிற்கும் பகுதிக்குப் போனால் பெரியார் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஏறும் முன் ஒரு கேள்வி: "அண்ணே, சிம்மக்கல் வழியா?" ஏனென்றால் சில பஸ்கள் அண்ணா நகர், தெப்பக்குளம், கீழவாசல் என்று கிழக்கே சுற்றிக்கொண்டு போகும். கோயிலுக்குப் போவதானால் சிம்மக்கல்லில் இறங்கித் தெற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் வடக்குக் கோபுரம். பெரியார் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. லாட்ஜ்கள் நிறைய இருக்கும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்கோ டவுன் ஹால் ரோட்டுக்கோ போவதானால் பெரியாரிலேயே இறங்குங்கள்.

பஸ்ஸின் நம்பரை நம்பி ஏறாதீர்கள். இணையத்தில் பழைய பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதே எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் வழியே மாறிவிடும். பலகையில் ஊர்ப் பெயரைப் படியுங்கள், படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள். மதுரைக் கண்டக்டர்கள் அதட்டுகிற மாதிரிதான் பதில் சொல்வார்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஞாபகமாகக் கூப்பிட்டு இறக்கிவிடுவதும் அவர்கள்தான்.

டவுன் பஸ்ஸிலேயே சாதாரணம், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று வகை உண்டு, ஒரே தூரத்துக்குக் கட்டணம் வேறு. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இலவசம். முன்புறம் ரோஸ் வண்ணம் அடித்த பஸ்கள் அந்த வகை. காசு இல்லை என்றாலும் அந்த இலவச டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். அவசரத்தில் முன்னால் வந்த டீலக்ஸில் ஏறிவிட்டு "இலவசம்தானே" என்று வாதாடிப் பயனில்லை. ஆண்கள் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாயைக் காலை ஏழு மணிக்கு நீட்டினால் கண்டக்டர் பார்க்கிற பார்வைக்கு இறங்கி நடந்துவிடலாம் என்று தோன்றும்.

நகரின் நடுப்பகுதி முழுக்க நடைதான். ஸ்டேஷன் வாசலில் மேலவெளி வீதியைக் கடப்பது ஒன்றுதான் சிரமம். கடந்துவிட்டால் டவுன் ஹால் ரோடு நேராகக் கிழக்கே மேலக் கோபுரத்தைப் பார்த்துப் போகிறது, ஒரு கிலோமீட்டருக்குள். இதே தூரத்தை ஆட்டோவில் போனால் ஒருவழிப் பாதைகளால் இரண்டு மடங்கு சுற்றுவீர்கள், அதற்கு நூறு ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். பெட்டி, படுக்கை கனமாக இருந்தால் ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள் என்பதால் ஒரு சின்னப் பூட்டு கையோடு இருக்கட்டும்.

வீதிகளின் ஒழுங்கு புரிந்தால் மேப் கூட வேண்டாம். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. இன்னும் வெளியே போனால் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும், கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றும் கோயிலைச் சதுரமாகச் சுற்றுவதால் மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று நான்கு உண்டு. "மாசி வீதி" என்று மட்டும் லாட்ஜ் முகவரியைக் குறித்துக்கொண்டு வந்தால் ஊரை ஒரு சுற்று சுற்ற வேண்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை வெளியே பரவவிட்டார். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் மாரட், பெருமாள் மேஸ்திரி. கோட்டைக்கு வெளியே இருந்தது வெளி வீதி. பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோட்டையின் மிச்சம் கொஞ்சம் இன்னும் நிற்கிறது, பஸ் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கோபுர வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். இதனால் வரும் சிக்கல் சின்னதில்லை: கூட வந்தவர் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை, ஆட்டோ புக் செய்ய முடியாது, கையில் நோட்டு இல்லையென்றால் அர்ச்சனைத் தட்டுகூட வாங்க முடியாது. உள்ளே போகும் முன்பே "பிரிஞ்சா பொற்றாமரைக் குளப் படிக்கட்டு" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். செருப்பையும் போனையும் எந்தக் கோபுரத்தில் விட்டீர்களோ அந்தக் கோபுரம் வழியாகவே வெளியே வாருங்கள். கிழக்கில் விட்டுவிட்டு மேற்கில் வெளியே வந்தவர்கள் பதினொரு மணி வெயிலில் சித்திரை வீதியின் கல் தளத்தில் வெறுங்காலோடு தத்தித் தத்தி வருவதைத் தினமும் பார்க்கலாம். அரைக்கால் சட்டையோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

காலை 5 மணிக்கு நடை திறந்து மதியம் 12.30க்குச் சாத்துவார்கள். மறுபடி 4 மணிக்குத்தான். திருப்பரங்குன்றத்திலும் அழகர்கோவிலிலும் ஏறக்குறைய இதே கதை. எனவே மதுரையில் எந்த நாள் திட்டமும் இந்த மூன்றரை மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும். பதினொன்றரைக்கு அழகர்கோவில் பஸ் ஏறுகிறவர் அங்கே போய்ச் சாத்திய கதவைத்தான் கும்பிடுவார். மதியத்துக்கு மகாலையும் அருங்காட்சியகங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாதமென்றால் லாட்ஜில் படுத்துத் தூங்குவதும் ஒரு நல்ல திட்டம்.

கீழக் கோபுரத்திலிருந்து மகாலுக்கு நடக்கலாம். விளக்குத்தூண் வழியாகத் தென்கிழக்கே போனால் பதினைந்து இருபது நிமிடம். விளக்குத்தூணில் ஜிகர்தண்டா குடித்துவிட்டுத்தான் பலர் மேலே நடக்கிறார்கள், அதில் தப்பில்லை. 1636இல் கட்டிய அரண்மனையில் இப்போது பார்ப்பது ஒரு பகுதியைத்தான். அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கும். மகாலை முடித்ததும் திரும்பிக் கோயில் பக்கம் வராதீர்கள். கீழவாசலுக்கு நடந்து, காமராசர் சாலையில் கிழக்கே போகும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறினால் நேராக மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் வெட்டிய குளம். நடு மண்டபமும் சுற்றுச்சுவரும் மாலை வெயிலில்தான் அழகு, நாலரைக்கு மேல் போய்ச் சேருவது சரியான கணக்கு. இருட்டியபின் சுற்றிலும் தள்ளுவண்டிக் கடைகள் நிரம்பிவிடும், ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடிக்கலாம்.

ஷேர் ஆட்டோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதற்குப் பலகை கிடையாது, நேரம் கிடையாது. பெரியார், சிம்மக்கல், கீழவாசல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி என்று பெரிய சாலைகளில் மட்டும் போய்வரும். டிரைவர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டே வருவார். கை காட்டினால் நிற்கும், "ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றால் இறக்கிவிடும். ஆள் ஏறியிருக்கும் வண்டியில் பயமில்லாமல் ஏறலாம். காலியாக வந்து நிற்கும் வண்டியில்தான் கவனம் வேண்டும். உட்காரும் முன் "ஷேரா, தனியாவா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் வழியில் வேறு ஆளே ஏற்றாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டு "ஸ்பெஷல்" என்று இருநூறு ரூபாய் கேட்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "கீழவாசலுக்கு எவ்வளவுக்கா?" என்று கேட்டு அதையே கொடுப்பது எல்லாவற்றையும்விடப் பத்திரமான வழி.

தனி ஆட்டோவில் மீட்டர் போடுவது அபூர்வம். ஓலா, ஊபர், ராபிடோ மூன்றும் மதுரையில் ஓடுகின்றன. ஏறாவிட்டாலும் ஆப்பில் விலையைப் பார்த்துவைத்துக்கொண்டு தெருவில் நிற்கும் ஆட்டோவில் பேரம் பேசலாம், இருபது முப்பது ரூபாய் கூடக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள். கோயில் வாசலில் நின்றுகொண்டு புக் செய்யாதீர்கள். சித்திரை வீதிக்குள் வண்டி வராது, ஆவணி மூல வீதியில் வந்தாலும் நிற்க இடமிருக்காது, டிரைவர் போனில் நான்கு தடவை "எங்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்துவிடுவார். டவுன் ஹால் ரோட்டின் மேற்கு முனைக்கோ வெளி வீதிக்கோ நடந்து போய், ஒரு பெரிய கடையின் பெயரை அடையாளமாகப் போட்டு புக் செய்யுங்கள்.

விமான நிலையம் தெற்கே பெருங்குடிப் பக்கம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே மட்டும் டாக்சிக்குக் காசு கொடுத்துவிடலாம். விமானத்தைத் தவறவிட்டு மிச்சம் பிடிக்கிற நூறு ரூபாய்க்கு அர்த்தமில்லை.

ஊருக்கு வெளியே போகிற பயணங்களில் திருப்பரங்குன்றம் எல்லாவற்றிலும் எளிது. பெரியாரிலிருந்து எட்டு கிலோமீட்டர், பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஏறும்போது கோயில் வரை போகுமா என்று மட்டும் கேளுங்கள். திருநகர், திருமங்கலம் போகிற பஸ்கள் கோயிலிலிருந்து தள்ளி மெயின் ரோட்டில் இறக்கிவிடும், மிச்சத்தை நடக்க வேண்டும். சன்னிதித் தெருவில் கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல் மலையின் தென்புறத்துக்கும் போய்வாருங்கள். அங்கே உமையாண்டார் கோயில் என்ற குடைவரை இருக்கிறது, கூட்டமே இருக்காது. காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டையும் பார்த்துவிட்டுப் பதினொன்றுக்குப் பெரியார் திரும்பலாம். அங்கிருந்து திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்குத் திரும்பி வராமல் திருமங்கலம் போய்த் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறலாம். உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

திருப்பரங்குன்றத்துக்கு ரயில் நிலையமும் உண்டு. ஆனால் நிற்கிற வண்டிகள் சிலதான், அந்த நேரத்துக்கு நம் நேரம் ஒத்துவந்தால் சரி. ராமேஸ்வரம் பாதையும் போடி பாதையும் அப்படித்தான். ஊர் சுற்றுவதற்கு ரயிலை நம்ப முடியாது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை போட்டிருக்கும் மெட்ரோ திட்டத்தைப் பற்றிப் பேச்சுதான் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை.

அழகர்கோவிலுக்கு இருபத்தோரு கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தல்லாகுளம், புதூர், அப்பன்திருப்பதி வழியாகப் போய்க் கோட்டைச் சுவருக்குள்ளேயே கொண்டுவிடும். பதினெட்டாம்படிக் கருப்பரைக் கும்பிட்டுக் கள்ளழகரைப் பார்த்தபின் மேலே பழமுதிர்சோலைக்கும், அதற்கும் மேலே நூபுர கங்கைக்கும் போக வேண்டும். மலை ஏற தேவஸ்தான வண்டி இருக்கிறது, ஆள் சேர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். வெள்ளி, செவ்வாய், கிருத்திகை நாள்களில் சீக்கிரம் நிரம்பிவிடும், சாதாரண நாளில் அரை மணிகூடக் காத்திருக்க நேரும். நடந்தும் போகலாம், காட்டுப் பாதையில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஏற்றம். குரங்குகள்தான் தொல்லை. பிளாஸ்டிக் கவரின் சரசரப்புக் கேட்டாலே பறித்துக்கொண்டு போய்விடும், பிரசாதமான அழகர்கோவில் தோசையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். முதலில் மலைக்கு மேலே போய்விட்டு இறங்கி வந்து அழகரைப் பார்க்கலாம் என்று மாற்றிப் போடுகிறவர்கள் பலர். மேலே வண்டிக்குக் காத்திருந்து நேரம் போய், கீழே வரும்போது நடை சாத்தியிருக்கும். கீழே முதலில், மேலே பிறகு.

திரும்பும் பஸ் தல்லாகுளம் வழியாகத்தான் வருகிறது. பெரியார் வரை வராமல் அங்கேயே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கு நடந்தால் வடகரை நாள் முடிந்தது. 1959இல் திறந்த அருங்காட்சியகம் அது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மதியம் ஒரு மணி நேரம் மூடிவைப்பார்கள், வார விடுமுறையும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். புத்தகப் பிரியர்கள் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அங்கிருந்தே போகலாம். நான்கரைக்கு மேல் கோரிப்பாளையம் வந்து பாலத்தில் நடந்து கோயில் பக்கம் போய்விட்டால், ஆற்றை அன்றைக்குக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அவ்வளவுதான்.

யானைமலைக்கு மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையில் இறங்க வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து கிட்டத்தில்தான், மேலூர் போகும் எந்த டவுன் பஸ்ஸும் நிற்கும். அங்கிருந்து நரசிங்கம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும், காலையிலென்றால் நடக்கலாம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770இல் குடைவித்த யோக நரசிம்மர் கோயில், பக்கத்திலேயே முருகனுக்கு லாடன் கோயில். இரண்டு குடைவரையும் ஒரே நடையில் முடிந்துவிடும்.

சமணர் மலைக்கு மட்டும் பஸ் முழுசாக உதவாது. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை வரை, பல்கலைக்கழகம் போகும் பஸ்ஸெல்லாம் போகும். அங்கிருந்து கீழக்குயில்குடி மூன்று கிலோமீட்டர் வாக்கில். உள்ளே போகும் பஸ் குறைவு. போகும்போது ஆட்டோ கிடைத்துவிடும், திரும்பும்போதுதான் அய்யனார் கோயில் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே போகும்போதே காத்திருந்து கூட்டிவரும்படி பேசி முடித்துவிடுங்கள். "ரெண்டு மணி நேரம் வெயிட்டிங்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் வழி வேறு வேறு, இரண்டுக்கும் சேர்த்து அந்த நேரம் சரியாக இருக்கும். படிக்கட்டு முடிந்தபின் வெறும் பாறை. ஒன்பதரைக்கு மேல் அது சூடேறத் தொடங்கினால் கால் வைக்க முடியாது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆறரைக்கு மலையடிவாரத்தில் இருங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழடியில் வேறு விதமான தவறு நடக்கிறது. மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம், ராமேஸ்வரம் போகும் பஸ்ஸைப் பார்த்து ஏறிவிடுவார்கள். அது நான்குவழிச் சாலையில் நிற்காமல் போய்த் திருப்புவனம் தாண்டியோ மானாமதுரையிலோதான் இறக்கிவிடும். ஏறும் முன் "கீழடி விலக்கு நிக்குமா?" என்று கேட்டே ஆக வேண்டும். சிலைமான், திருப்புவனம் என்று நின்று நின்று போகும் பஸ்தான் நமக்கு வேண்டியது. சிவகங்கை பஸ் வேறு ரோட்டில் போகும், அதில் ஏறக் கூடாது. விலக்கிலிருந்து ஊருக்குள் கொஞ்ச தூரம் உண்டு, வெயிலுக்குக் குடை நல்லது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியது. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும், அகழாய்வுக் குழிகள் தனி. நடை சாத்தும் கவலை இல்லாத இடம் என்பதால் மதியத்தை இங்கே கழிக்கலாம். ஆனால் சாப்பாட்டை முடித்துவிட்டோ கையில் கட்டிக்கொண்டோ போங்கள், பக்கத்தில் பெரிய ஓட்டல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கிராமப் பக்கத்து டவுன் பஸ்கள் குறைந்துவிடும். அழகர்கோவிலிலும் கீழடியிலும் இருட்டும் வரை இருக்காதீர்கள். பெரியாருக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே இரவிலும் வண்டி கிடைக்கும், இடைவெளிதான் அதிகம். நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்கள் மாட்டுத்தாவணியில் டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் பொறுக்கலாம், டீக்கடை அங்கே மூடுவதில்லை.

இதுவரை சொன்ன எதுவும் சித்திரைத் திருவிழாவுக்குப் பொருந்தாது. தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி ஓடாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அவரை ஊர்மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலிருந்தே புதூர், தல்லாகுளம், தமுக்கம், கோரிப்பாளையம் வரை தலைகளாகத்தான் தெரியும். பஸ்கள் பாதி வழியில் திருப்பிவிடப்படும், எங்கே திருப்புவார்கள் என்பது அன்றன்றைக்குப் போலீஸ் அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும். அந்த நாள்களில் ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை எடுங்கள். அழகரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு வெகு முன்பே ஆற்றுக்கு நடந்து போய் இடம் பிடியுங்கள். அறைக்குச் சித்திரை பிறக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். திருவிழா வாரத்தில் வந்து கேட்டால் மேலூரிலோ திருமங்கலத்திலோதான் கிடைக்கும், அங்கிருந்து ஊருக்குள் வருவதற்குத்தான் பஸ் இருக்காது.